போட் மெயிலின் கடைசி நிலையம்

சென்னை எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் செல்லும் இரவு ரயிலைப் பலர் இன்றும் போட் மெயில் என்றே சொல்கிறார்கள். நண்பர் ஒருவரின் பள்ளி வயது மகள் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, "இதில் போட் எங்கே இருக்கிறது?" என்று வினவினாள். வண்டி மானாமதுரையைத் தாண்டிக்கொண்டிருந்த நேரம் அது. எங்களில் ஒருவர் புயலைப் பற்றிச் சொன்னார், இன்னொருவர் இலங்கையைப் பற்றிச் சொன்னார். இரண்டையும் சேர்த்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும் முயற்சியே இக்கட்டுரை.

பதில் இருக்கும் இடம் தனுஷ்கோடி. நாங்கள் முதல்முறை அங்கே சென்றபோது சாலை கிடையாது. முகுந்தராயர் சத்திரம் வரை பேருந்து, அதன்பின் மணலிலும் ஆழமற்ற நீரிலும் உருண்டு செல்லும் வேன். இறங்கியதும் தேவாலயத்தின் மொட்டைச் சுவர்கள் தெரிந்தன. பவளக் கற்களை அடுக்கிக் கட்டிய சுவர்கள். சற்றுத் தள்ளி, கூரையில்லாத கட்டடம் ஒன்றின் வளைவுகள். அதுதான் ரயில் நிலையம் என்று மீனவப் பெரியவர் ஒருவர் காட்டினார். தண்டவாளம் எங்கே என்று கேட்டோம். அவர் மணலைக் காட்டினார்.

2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்ட பிறகு மறுபடியும் போனோம். வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. சங்கு மாலைகளும் பொரித்த மீனும் விற்கிறார்கள். 'பேய் நகரம்' என்ற அடைமொழியோடு எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1964 டிசம்பர் புயலைப் பற்றி வழிகாட்டிகள் சொல்கிறார்கள். அந்தப் புயலுக்கு முந்தைய 50 ஆண்டுகளைப் பற்றி யாரும் எதுவும் சொல்லி நாங்கள் கேட்கவில்லை.

*

இந்தியாவின் விளிம்பில் இருந்த ஒரு மணல் திட்டுக்கு ரயில் ஏன் போனது என்பதிலிருந்து தொடங்கவேண்டும். ராமேஸ்வரம் கோயிலுக்காக என்று நினைப்போர் உண்டு. சேது தீர்த்தமாடத் தனுஷ்கோடிக்குப் பக்தர்கள் போவது பழைய வழக்கம்தான். ஆனால் தீர்த்த யாத்திரைக்காக மட்டும் கடல்மீது பாலம் கட்டும் அரசு அல்ல அன்றைய அரசு. அவர்களுக்குத் தேவைப்பட்டது இலங்கைக்கு ஒரு குறுக்குவழி.

அதற்கு முன் சென்னையிலிருந்து கொழும்பு செல்பவர் தூத்துக்குடி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கப்பல் ஏறவேண்டும். மன்னார் வளைகுடாவைக் குறுக்கே கடக்கும் நீண்ட கடற்பயணம் அது. தனுஷ்கோடிக்கும் மன்னார்த் தீவின் தலைமன்னாருக்கும் இடையிலான கடலோ சுமார் 35 கிலோமீட்டர்தான். நடுவே ராமர் பாலம் என்றும் ஆதாம் பாலம் என்றும் இரு பெயர்களில் வழங்கும் மணல்திட்டு வரிசை. அதன்மேலேயே தண்டவாளம் இட்டு இரு நாட்டு ரயில்களையும் இணைத்துவிடலாம் என்ற யோசனைகூட இருந்தது. செலவுக் கணக்கு அதைத் தடுத்தது. பாம்பன் கால்வாய்க்கு மட்டும் பாலம், மீதிக் கடலுக்கு நீராவிக் கப்பல் என்று முடிவாயிற்று.

பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம், 145 கண்கள், கப்பல்களுக்கு வழிவிட நடுவே இரு கைகளாகத் திறந்து மூடும் ஷெர்சர் தூக்குப்பாலம். பாலத்தைக் கடந்த ரயில்பாதை பாம்பன் நிலையத்தில் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ஆறேகால் மைல் தொலைவிலுள்ள ராமேஸ்வரத்துக்கு, மற்றொன்று 15 மைல் தொலைவிலுள்ள தனுஷ்கோடிக்கு. போட் மெயில் சென்றது இரண்டாவது பாதையில்.

அதே 1914இல் இலங்கையிலும் மன்னார் வழியாகத் தலைமன்னார் இறங்குதுறை வரை பாதை வந்து சேர்ந்தது. கடலின் இக்கரையில் மீட்டர் கேஜ், அக்கரையில் அகலப்பாதை. நடுவில் ஓடக் கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்று வைஸ்ராய்களின் பெயர் தாங்கிய நீராவிக் கப்பல்கள் வந்தன. பின்னாளில் இர்வின், கோஷன் ஆகியவை சேர்ந்தன. எழும்பூரில் ஒரே ஒரு பயணச்சீட்டு வாங்கினால் போதும். ஓர் இரவு இந்திய ரயிலில், பிறகு சில மணி நேரம் கடலில், மறு இரவு இலங்கை ரயிலில், விடிந்தால் கொழும்புக் கோட்டை.

இந்த ஏற்பாடு ஒரு சிற்றூரை உருவாக்கியது. சுங்கச் சாவடி, தபால் தந்தி அலுவலகம், துறைமுக அலுவலகம், ரயில்வே ஊழியர் குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை, தேவாலயம், மீனவர் குடியிருப்புகள். நிலையத்தில் வண்டி வந்து நிற்கும்போது ஊர் விழிக்கும். கப்பல் புறப்பட்டதும் அடங்கும். கடற்கரையில் எஞ்சிய கட்டடங்களுக்கிடையே நடந்தால், எதுவும் நிலையத்திலிருந்து வெகுதூரத்தில் இல்லை என்பது இன்றும் புலப்படுகிறது.

*

அந்த நடைமேடையில் இருவகைப் பயணிகள் இறங்கினார்கள். ஒரு வகையினரைப் பற்றி நமக்கு ஓரளவு தெரியும். கொழும்பில் கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், விடுமுறைக்கு ஊட்டியோ கண்டியோ செல்லும் வெள்ளைத் துரைமார்கள், யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக் கல்லூரிகளுக்கு வந்த மாணவர்கள், கச்சேரிக்கும் நாடகத்துக்கும் போன கலைஞர்கள். இவர்களுடைய நினைவுக் குறிப்புகளில் போட் மெயில் வரும். கப்பலின் மேல்தளக் காற்று வரும். சுங்க அதிகாரியோடு நடந்த சிறு வாக்குவாதமும் வரும்.

இரண்டாவது வகையினர் எண்ணிக்கையில் மிகப் பெரியவர்கள். அவர்கள் நினைவுக் குறிப்பு எழுதவில்லை.

இலங்கையின் மலைநாட்டில் முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் உழைத்தவர்கள் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்தும் காவிரிப் பகுதியிலிருந்தும் போனவர்கள். 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் பாக் நீரிணையைத் தோணிகளில் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தார்கள். காலராவும் பசியும் தண்ணீரின்மையும் அந்த வடக்குப் பாதையின் இருமருங்கிலும் ஏராளமானோரைப் புதைத்தன. அது மூடப்பட்ட பிறகு தூத்துக்குடி வழியும், 1914க்குப் பிறகு தனுஷ்கோடி வழியும் அவர்களுக்குரியவை ஆயின. ரயில் அவர்களுக்கு ஒரு வகையில் விடுதலை என்பதையும் மறுப்பதற்கில்லை. நடந்து சாகவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

பயணத்தின் முறையை மட்டும் கவனிக்கவேண்டும். திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தோட்ட முதலாளிகளுக்கான தொழிலாளர் ஆணையகம் ஒன்று இயங்கியது. கங்காணி தன் ஊரிலும் உறவிலும் ஆள் சேர்ப்பார். சேர்ந்தவர்களுக்கு எண் பொறித்த தகர வில்லை ஒன்று தரப்படும். எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்பது அந்த எண்ணில் அடங்கும். அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டால் ரயிலுக்கும் கப்பலுக்கும் பணம் தரவேண்டியதில்லை. அந்தச் செலவு முழுவதும் போய்ச் சேரும் தோட்டத்தின் கணக்கில் ஏறும். தோட்டமோ அதைக் கங்காணியின் பேரில் எழுதும். கங்காணி அதைத் தொழிலாளியின் தலையில் கட்டுவார். பயணச்சீட்டே கடன் பத்திரமாக இருந்த பயணம் அது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆட்களை அவர்கள் கடனோடு சேர்த்து மாற்றிக்கொடுத்த 'துண்டு' முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

தனுஷ்கோடிக்கு முன்பாக அவர்கள் மண்டபத்தில் இறக்கப்பட்டார்கள். அங்கிருந்த முகாமை நடத்தியது இலங்கை அரசாங்கம். இந்திய மண்ணில் வேறொரு நாட்டு நிர்வாகம் நடத்திய தொற்றுத் தடுப்பு முகாம். பிளேக், காலரா, அம்மை இல்லை என்று உறுதியாகும்வரை சில நாட்கள் அங்கே வைத்திருந்து, உடைகளை ஆவியில் இட்டு, ஊசி குத்தி, பதிவு செய்து அனுப்புவார்கள். பிறகு பாம்பன் பாலம், தனுஷ்கோடி, கப்பல், தலைமன்னார். சொந்த நாட்டின் கடைசித் தரையாக அவர்கள் கால்பட்டது தனுஷ்கோடி நடைமேடை. பலருக்கு அதுவே உண்மையிலும் கடைசி.

புதுமைப்பித்தன் 1930களில் எழுதிய 'துன்பக் கேணி' இப்படி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் கதை. தமிழ் வாசகர்களாகிய நாம் அந்தக் கதையைப் படித்திருக்கிறோம். தனுஷ்கோடிக்கும் போய் வந்திருக்கிறோம். இரண்டையும் சேர்த்து யோசிக்க நமக்கு ஏனோ தோன்றியதில்லை.

*

தனுஷ்கோடி நிலையத்தைக் கடல் அழித்தது என்பது உண்மை. கடல் வருவதற்கு முன்பே அதன் பாதை ஒவ்வொரு சட்டமாக அடைபட்டுக்கொண்டு வந்தது என்பதும் உண்மை.

1930களின் இறுதியில் இலங்கையில் இந்தியர்களுக்கு எதிரான மனநிலை வலுத்தது. அரசுத் துறைகளில் தினக்கூலியாக இருந்த இந்தியர்களை நீக்கும் முடிவு வந்தபோது, 1939 ஆகஸ்டில் இந்திய அரசு தன் பங்குக்குத் தொழிலாளர்கள் இலங்கைக்குக் குடிபெயர்வதைத் தடை செய்தது. நூறாண்டுகளுக்கு மேலாக ஓடிய ஆறு ஒன்று சட்டத்தின் ஒரு வரியால் நின்றது. 1948இல் சுதந்திர இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், மலைநாட்டில் பிறந்து வளர்ந்த தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் உரிமையில்லாதவர்களாக ஆக்கியது. குடிவரவுச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. அதுவரை அண்டை ஊருக்குப் போவதுபோல் போய்வந்த கடலுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் தேவைப்பட்டன.

போட் மெயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கப்பலும் புறப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தனுஷ்கோடி நிலையம் எதற்காகக் கட்டப்பட்டதோ அந்தக் காரணம் ஏற்கெனவே மெலிந்துவிட்டது.

1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிடப்பட்டது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவானது. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. ஐந்தேகால் லட்சம் பேர், அவர்களுடைய பாட்டன்மார் போன வழியாகவே திரும்பவேண்டும் என்பது அதன் பொருள். வழியின் வாசலில் இருந்தது தனுஷ்கோடி.

ஒப்பந்தத்துக்குப் பின் 53ஆம் நாள் அந்த வாசல் இல்லாமல் போயிற்று.

*

அந்த இரவைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறோம். டிசம்பர் 17 வாக்கில் அந்தமானுக்குத் தெற்கே உருவான காற்றழுத்தத் தாழ்வு, புயலாகி மேற்கு நோக்கி நகர்ந்தது. 22ஆம் தேதி இலங்கையின் வவுனியாவைக் கடந்து, அன்றிரவு பாக் நீரிணைக்குள் இறங்கியது. 653ஆம் எண் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர் இரவு 11.55க்குப் பாம்பனிலிருந்து புறப்பட்டது. ஆறு பெட்டிகள். 110 பயணிகள், 5 ஊழியர்கள் என்பது அரசுக் கணக்கு. சீட்டில்லாமல் ஏறியவர்களைச் சேர்த்தால் இன்னும் கூடுதலாக இருக்கும் என்று சொல்வோர் உண்டு. நிலையத்துக்குச் சில நூறு கஜங்களுக்கு முன் சிக்னல் அணைந்திருந்தது. ஓட்டுநர் நெடுநேரம் விசில் ஊதிக் காத்திருந்தார். பதில் இல்லாததால் மெல்ல வண்டியை நகர்த்தினார். அப்போது அலை வந்தது என்று சொல்லப்படுகிறது. சொல்வதற்கு வண்டியில் இருந்த எவரும் மிஞ்சவில்லை.

ஊரும் அதே இரவில் போயிற்று. புயல் தாக்கிய பகுதிகள் முழுவதிலும் சுமார் 1,800 பேர் இறந்ததாகக் கணக்கு. தந்திக் கம்பிகள் அறுந்துபோனதால் ரயிலின் கதி வெளியுலகுக்குத் தெரியவே நாட்கள் ஆயின. ராமேஸ்வரத்துக்கு வந்திருந்த ஜெமினி கணேசனும் சாவித்திரியும் உயிர் தப்பிய செய்தி அளவுக்கு, நிலையத்தில் அன்றிரவு பணியிலிருந்தவர்களின் செய்தி தமிழ்நாட்டின் நினைவில் பதியவில்லை.

*

அடுத்து நடந்தவற்றில்தான் வரலாற்றின் போக்குத் தெரிகிறது.

பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126 கண்களின் இரும்பு உத்தரங்கள் கடலில் விழுந்துவிட்டன. தூக்குப்பாலம் மட்டும் தப்பி நின்றது. பழுது பார்க்க ஆறு மாதம் ஆகும் என்று முதலில் மதிப்பிட்டார்கள். பிற்காலத்தில் கொங்கண் ரயில்வேக்கும் தில்லி மெட்ரோவுக்கும் பெயர் பெற்ற இ. ஸ்ரீதரன், அப்போது முப்பத்திரண்டு வயதுப் பொறியாளர். விழுந்த உத்தரங்களைக் கடலடியிலிருந்து மீட்டு மறுபடியும் ஏற்றி, 46 நாட்களில் பாலத்தை ஓட்டத்துக்குக் கொண்டுவந்தார். இந்திய ரயில்வே வரலாற்றின் பெருமைகளில் ஒன்று அது.

பாலத்துக்கு 46 நாட்கள் போதுமானதாக இருந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கான 15 மைல் பாதைக்கோ 60 ஆண்டுகள் போதவில்லை. ஊர் மனிதர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. பாதை கைவிடப்பட்டது. இந்த முடிவைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. இருபுறமும் கடல் நெருக்கும் அந்த மணல் நாக்கின்மேல் மறுபடி ஓர் ஊரைக் கட்டுவது பொறுப்பான காரியம் ஆகாது. ஆனால் முடிவு அவ்வளவு எளிதாக எடுக்கப்பட்டதற்கு, அந்த நிலையத்துக்காகப் பேச யாரும் இல்லாததும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ராமேஸ்வரம் நிலையம் இருந்தது. கப்பலையும் ராமேஸ்வரத்துக்கே மாற்றிவிடலாம். தனுஷ்கோடியை அதிகம் பயன்படுத்திய மக்களோ கடலுக்கு அப்பால் இருந்தார்கள். அவர்களுக்கு எந்த நாட்டிலும் வாக்கு இல்லை.

ஒப்பந்தப்படி மலைநாட்டிலிருந்து கூட்டம் கூட்டமாகத் திரும்பியவர்கள், தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அவர்களை ஏற்றது அதே மண்டபம் முகாம். பாட்டனுக்கு ஊசி போட்டு அனுப்பிய இடத்தில் பேரனுக்குக் குடும்ப அட்டை எழுதினார்கள். அங்கிருந்து நீலகிரிக்கும் நூற்பாலைகளுக்கும் கேரளத்து ரப்பர்த் தோட்டங்களுக்கும் பிரித்து அனுப்பினார்கள். நீலகிரியில் 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அவர்களுக்காகவே உருவானவை. தேயிலையிலிருந்து தேயிலைக்கே வந்து சேர்ந்தார்கள். 1980களின் நடுவில் போரால் ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பலும் நின்றது. அதன்பின் அந்தக் கடலைக் கடந்தவர்கள் படகுகளில் வந்த அகதிகள். அவர்களுக்கும் மண்டபம்தான் முதல் முகாம்.

*

இரு கரைகளிலும் இப்போது என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிக்கலாம். போரின்போது 1990இல் நின்றுபோன தலைமன்னார் ரயில் பாதை, இந்திய உதவியோடு மறுபடி அமைக்கப்பட்டு 2015 மார்ச்சில் திறக்கப்பட்டது. இறங்குதுறை நிலையம் வரை ரயில் வருகிறது; ஏறுவதற்குத்தான் கப்பல் இல்லை. இக்கரையில், ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு 17 கிலோமீட்டர் புதிய பாதைக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. தண்டவாளம் வரவில்லை. 1914இன் பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டு, அதன் அருகிலேயே கட்டிய புதிய செங்குத்துத் தூக்குப்பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. நூறாண்டுகளுக்கு மேல் உழைத்த பழைய பாலத்தைப் பற்றிப் பத்திரிகைகள் உருக்கமாக எழுதின. அந்தப் பாலம் யாரைச் சுமப்பதற்காகக் கட்டப்பட்டது என்று எழுதியவர் அரிது.

தனுஷ்கோடிக்கு மறுபடியும் ரயில் வரவேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்த வளைவுகளின் அருகே ஒரு பலகை இருக்கலாம். புயலைப் பற்றியும் 653ஆம் எண் வண்டியைப் பற்றியும் அதில் எழுதட்டும். கழுத்தில் தகர எண்ணோடு இந்த நடைமேடையில் காத்திருந்து கப்பல் ஏறியவர்களைப் பற்றியும் இரண்டு வரி எழுதட்டும். நீலகிரித் தோட்டத்திலிருந்து சுற்றுலா வரும் ஒரு குடும்பம் அதைப் படித்தால், தங்கள் கொள்ளுப்பாட்டி நின்ற இடம் இது என்று குழந்தைக்குக் காட்ட முடியும். நாங்கள் போன இருமுறையும் அப்படிப்பட்ட பலகை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

திரும்பும்போதும் போட் மெயிலில்தான் வந்தோம். பாம்பன் பாலத்தில் வண்டி மெதுவாகப் போகையில் அந்தச் சிறுமி சன்னலருகே உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ அந்த போட்ல யார் போனாங்க?" என்று கேட்டாள். இந்தமுறை எங்களால் பதில் சொல்ல முடிந்தது. மண்டபம் தாண்டும்வரை சொல்லிக்கொண்டிருந்தோம்.